பெரியம்மாவின் பரங்கிக்கொட்டை: ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

அக்டோபர் பிறந்துவிட்டால் நியூ ஜெர்சியில் தோட்டம் போட்டிருக்கும் தமிழர்களுக்கு ஒரே பேச்சுதான்: இன்றைக்கு ராத்திரி உறைபனி விழுமா, விழாதா? கோயிலில் பார்த்தாலும் சரி, பிள்ளைகளின் பாட்டு வகுப்பு வாசலில் பார்த்தாலும் சரி, கைபேசியை எடுத்து வானிலையைக் காட்டுவார்கள். வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும் ஒரே ஒரு ராத்திரி போதும். முந்தின சாயங்காலம் வரை தளதளவென்று நின்ற பரங்கிக்கொடி, விடியும்போது வெந்நீர் கொட்டின கீரை மாதிரி கறுத்துக் கிடக்கும். கொடி போய்விட்டால் காய்க்குப் போகும் சத்தும் அதோடு சரி. பச்சையும் வெளிர் மஞ்சளுமாக, உருவத்தில் முழுக் காயாக, ஆனால் பழுக்காமல் கிடக்கும் அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் நிறையப் பேர் உரக்குழியில் தள்ளிவிடுகிறார்கள். ஊரில் நிலம் நீச்சோடு வளர்ந்தவர்கள்கூடத்தான்.

நான் தள்ளுவதில்லை. அதற்குக் காரணம் நீங்கள். உங்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டிய நன்றியை ஊரறிய எழுதுவது, அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான். வீட்டுச் சமையலைப் பத்திரிகையில் போட்டுவிட்டானே என்று கோபம் வரலாம். வந்தால் வழக்கம்போல வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புங்கள், வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

முதலில் இங்கே என்ன விளைகிறது என்று சொல்லிவிடுகிறேன். நகராட்சி வருஷ வாடகைக்கு விடும் துண்டு நிலத்தில் நான் போடுவது நம் ஊர்ப் பரங்கி இல்லை. பட்டர்நட் என்று ஒரு ரகம். கழுத்து நீண்டு அடி உருண்டிருக்கும். பழுத்தால் தோல் சந்தன நிறம், உள்ளே நல்ல ஆரஞ்சு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டோ என்ற ஊரைச் சேர்ந்த சார்லஸ் லெகெட் 1940களில் உருவாக்கியது. பின்னால் அதே மாநிலத்து வால்தம் ஆராய்ச்சி நிலையத்தில் சீர்படுத்தி எடுத்த வால்தம் பட்டர்நட் என்ற வகை 1970-இல் அகில அமெரிக்க அளவில் விருது வாங்கியது. விதைப் பாக்கெட்டுகளில் இன்றும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். ஆள் வெள்ளைக்காரத் தோற்றமாக இருந்தாலும் தாவரவியல்படி இது குகுர்பிட்டா மோஸ்கேட்டா என்ற இனம். உங்கள் மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஏறும் பரங்கியும் அதே இனம்தான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2 ரகங்களும் அதே. தண்டு கெட்டியாக இருப்பதால், மற்ற இனங்களின் தண்டுக்குள் புகுந்து குடைந்து கொடியையே சாய்த்துவிடும் ஒரு புழு இதை அவ்வளவாக நெருங்குவதில்லை. இந்த ஊர்த் தமிழர் தோட்டங்களில் பட்டர்நட் நிலைத்துப்போனதற்கு ருசியைவிட அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கடைகளில் இதை 'குளிர்காலப் பரங்கி' வகையில் சேர்த்து விற்பார்கள். குளிர்காலத்தில் காய்ப்பதில்லை. நன்றாகப் பழுக்கவிட்டுத் தோல் இறுகின பிறகு பறித்து, குளிர்காலம் முழுக்க வைத்துத் தின்னலாம் என்பதால் அந்தப் பெயர். மே மாதக் கடைசியில் மண் சூடேறிய பிறகு விதை ஊன்றுவோம். பாக்கெட்டில் 100 நாள், 110 நாள் என்று அச்சடித்திருக்கும். அந்தக் கணக்கில் முதலில் பிடித்த காய்கள் செப்டம்பரில் ஒழுங்காகப் பழுத்துவிடுகின்றன. அவற்றோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் கொடிக்குப் பாக்கெட் படிக்கத் தெரியாதே! ஆகஸ்டிலும் பூக்கும், செப்டம்பரிலும் பூக்கும். ஆகஸ்ட் கடைசியில் பிடித்த பிஞ்சு, அக்டோபர் நடுவில் பனி வரும்போது காயாகப் பருத்திருக்கும், பழுத்திருக்காது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பூ கருவுற்று ஏறக்குறைய 3 வாரத்தில் காய் தன் முழு அளவை எட்டிவிடும். பார்க்கிறவனுக்கு வேலை முடிந்துவிட்டது. காய்க்கு அப்போதுதான் பாதி வேலை. அதற்குப் பிறகுதான் சதையில் மாவுச்சத்து ஏறும், விதை நிரம்பும், பிறகு அந்த மாவு மெல்ல மெல்லச் சர்க்கரையாகும், நிறம் கூடும். எல்லாம் முடிய 50, 55 நாளாகும். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பரங்கி ரகங்களை ஆராய்ந்த பிரெண்ட் லாய் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர். ஏகார்ன் என்று கரும்பச்சை நிறத்தில் ஒரு சின்னக் காய் இங்கே உண்டு. அது 2 வாரத்திலேயே முழு உருவமும் நிறமும் எடுத்துக்கொண்டு பழுத்தது போல நிற்கும். அதை நம்பிப் பறித்துச் சந்தைக்கு அனுப்பினால் சப்பென்றுதான் இருக்கும் என்பது அவர் வாதம்.

பெரியம்மா, காய் முற்றியதா இல்லையா என்பதை நீங்கள் கட்டைவிரல் நகத்தால் கண்டுபிடிப்பீர்கள். எங்களை மட்டும் காயில் நகம் வைக்கவிட மாட்டீர்கள். "நகம் பட்டா அழுகிடும்டா" என்று கத்துவீர்கள். நீங்கள் மட்டும் ஒரு ஓரத்தில், காம்புக்குக் கீழே, அழுத்திப் பார்ப்பீர்கள். அமெரிக்க வேளாண் துறைக் கையேடுகளிலும் இதே நகப் பரீட்சைதான் எழுதியிருக்கிறது. நகம் இறங்காவிட்டால் பறி, இறங்கினால் விட்டுவை. உங்கள் தீர்ப்பு வேறு. நகம் இறங்கினால் அது இன்றைக்குப் பறிக்கவேண்டிய காய். இறங்காவிட்டால் பரணுக்கு. அவர்களிடம் ஒரு பரங்கிக்கு ஒரு வயதுதான் இருக்கிறது. உங்களிடம் பிஞ்சு, கொட்டை, காய், பழம் என்று நாலு இருந்தன, நாலுக்கும் தனித்தனிச் சமையல் இருந்தது. எனக்கு நீங்கள் கொடுத்தது அந்த நாலில் இரண்டாவது. கொட்டை என்றால் விதை இல்லை, பிஞ்சுப் பருவம் தாண்டியும் முற்றாத இளங்காய்.

உங்கள் குத்தாலம் பக்கத்தில் இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆடியில் எருக்குழி ஓரம் ஊன்றிய விதை, மார்கழியில் கூரை நிறையப் படர்ந்திருக்கும். விடியற்காலையில் கோலத்து நடுவே சாணி உருண்டையில் செருகப் பரங்கிப்பூ பறித்துவர எங்களை அனுப்புவீர்கள். காம்பு மெலிந்து நீண்ட பூவை மட்டும் பறி, அடியில் உருண்டையாகப் பிஞ்சு இருக்கும் பூவைத் தொடாதே என்பது கட்டளை. ஆண்பூ, பெண்பூ பாடம் எனக்கு அங்கேதான் நடந்தது, பள்ளிக்கூடத்தில் இல்லை. இங்கே ஜூலையில் முதலில் வருவதெல்லாம் ஆண்பூவாக இருப்பதைப் பார்த்து, கொடி மலடோ என்று கவலைப்பட்ட ஒரு பக்கத்துப் பாத்திக்காரருக்கு நான் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். கோலக் கதையையும் சேர்த்துத்தான்.

பூ பறித்துக் கொடுத்தால் கையோடு ஒரு கொட்டையையும் பறித்துவரச் சொல்வீர்கள். திருவாதிரைக் களிக்குச் செய்யும் ஏழுகறிக் குழம்பில் அது போகும். பொங்கலன்று பால் கூட்டாகும். பழுத்த பரங்கியைப் பொங்கலுக்கு முன்னால் நீங்கள் தொட்டு நான் பார்த்ததில்லை. இளசு கிடைக்கும்போது முற்றலை எதற்கு எடுக்கவேண்டும் என்பது உங்கள் கணக்கு. அமெரிக்கச் சந்தைக் கணக்கை அப்படியே திருப்பிப்போட்டது.

அந்தப் பால் கூட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. உரக்குழிக்காரர்களுக்காக.

கொட்டையைத் தோலோடு நறுக்குவது. நகம் சுலபமாக இறங்கினால் தோல் சீவ வேண்டாம். நகம் தயங்கினால் சீவிவிட வேண்டும், அந்தத் தோலை எறியக்கூடாது. உள்ளே விதை பஞ்சாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். உறை கொஞ்சம் கெட்டிப்பட்டிருந்தால் வழித்து எடுத்துவிடலாம். பட்டர்நட்டில் ஒரு சௌகரியம், அதன் கழுத்துப் பகுதியில் விதையே கிடையாது, கட்டியான சதை. துண்டுகள் ஒரே அளவாக வரும், ஒரே நேரத்தில் வேகும். தண்ணீர் கைப்பிடி அளவு தெளித்தால் போதும். பழுக்காத காயில் தண்ணீர்தான் பெரும்பங்கு, அது தானே விட்டுக்கொள்ளும். கொஞ்சம் உப்பு. முக்கால் பதம் வெந்ததும் காய்ச்சின பால், பாலில் கரைத்த அரிசி மாவு, தித்திப்பு. கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. மஞ்சள் பொடி போட்டால் உங்களுக்கு ஆகாது. வெளுப்பும் இளம்பச்சையுமாகத்தான் இருக்கவேண்டும்.

இதைப் பல வருஷம் செய்து தின்ற பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பழுக்காத பரங்கியில் என்னென்ன இல்லை? மாவு இல்லை, இனிப்பு இல்லை, கொழுப்பு எப்போதுமே இல்லை. நீங்கள் அரிசி மாவு போடுகிறீர்கள், வெல்லம் போடுகிறீர்கள், பால் ஊற்றுகிறீர்கள். பாலின் கொழுப்பைத் தவிர, கொடியில் இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் காய் தானே சம்பாதித்திருக்கும் சரக்கை அடுப்பில் வைத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். ஆனாலும் பழுத்த பரங்கியின் ருசி வருவதில்லை. அந்தப் பச்சை வாசனையும், பல்லில் கொஞ்சம் நின்று பிறகு கரையும் பதமும் அப்படியே இருக்கின்றன. பழுத்த காயை இதே கூட்டில் போட்டால் குழைந்து பாயசமாகிவிடும். எந்த ஆராய்ச்சி நிலையத்திலும் படிக்காமல் இந்தக் கூட்டை முதன்முதலில் கண்டுபிடித்தவள் யாரோ, அவளுக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

இங்கேயுள்ளவர்கள் செய்வது என்ன தெரியுமா? பழுக்காத பட்டர்நட்டை எடுத்துப் பழுத்த காய்க்கு உரிய சமையலைச் செய்கிறார்கள். ஓவனில் வாட்டுகிறார்கள். வாட்டினால் கருகி இனிக்க அதில் சர்க்கரை ஏது? தண்ணீர் விட்டுக்கொண்டு சவசவவென்று வரும். சூப் வைக்கிறார்கள், அது கஞ்சித் தண்ணீராக நிற்கும். அப்புறம், பழுக்காத காய் தின்ன லாயக்கில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இதே ஆட்கள்தான் ஜூன், ஜூலையில் சுக்கினி என்ற காயைக் கூடை கூடையாகத் தின்கிறார்கள். சுக்கினி என்பதே குகுர்பிட்டா பெப்போ என்ற இனத்தைப் பிஞ்சில் பறித்தது, அவ்வளவுதான். சற்று முன்னே சொன்ன ஏகார்னும் அதே பெப்போ இனம். ஒன்றைப் பிஞ்சில் தின்பது நாகரிகம், இன்னொன்றைப் பிஞ்சில் தின்பது வேறு வழியில்லாமல் செய்வது என்று யார் தீர்மானித்தார்களோ!

முதல் வருஷ அக்டோபரில், வீட்டுப் பின்வாசலில் குவித்து வைத்திருந்த காய்களை உங்களுக்கு வீடியோவில் காட்டினேன். "எல்லாம் வீணாப்போச்சு பெரியம்மா, பழுக்கலை" என்றேன். நீங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தீர்கள். "பழுக்கலைன்னா வீணாப்போச்சா? அது கொட்டைடா. இவ்வளவு கொட்டையை வச்சுக்கிட்டு ஒப்பாரி வைக்கிறே?" என்றீர்கள். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல், பால் வாங்கி வைத்திருக்கிறாயா என்று கேட்டீர்கள். நான் நன்றி சொல்ல நினைத்ததெல்லாம் அந்த ஒரு கேள்விக்குத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

உங்களுக்கு இங்கே ஒரு கூட்டாளி இருக்கிறார், தெரியுமா? என் பாத்திக்குப் பக்கத்துப் பாத்தி ஒரு கொரியப் பாட்டியுடையது. நான் இருக்கும் பெர்கன் கவுண்டியில் கொரியர்கள் அதிகம். பாலிசேட்ஸ் பார்க் என்ற ஊரில் பாதிக்கு மேல் கொரிய வம்சாவளியினர்தான். பாட்டிக்கு ஆங்கிலம் வராது, எனக்குக் கொரிய மொழி வராது. ஹல்மொனி என்று பாட்டியைக் கூப்பிடக் கற்றுக்கொண்டேன், அதோடு சரி. ஏஹோபக் என்ற காயை அவர் பயிரிடுகிறார். இளம்பச்சை, சுரைப்பிஞ்சு அளவு. அதுவும் மோஸ்கேட்டாதான், பிஞ்சில் பறித்துத் தின்பதற்கென்றே பொறுக்கி எடுத்து வளர்த்த ரகம். கொரியக் கடைகளில் அதை இறுக்கமான பிளாஸ்டிக் உறைக்குள் விற்பார்கள். கடையில் போட்ட உறை என்று நினைத்திருந்தேன். பிஞ்சாக இருக்கும்போதே கொடியிலேயே மாட்டிவிடுகிறார்களாம், அதற்குள்ளேயே வளர்ந்து நேராக, ஒரே அளவாக வருவதற்கு. உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள். ஹல்மொனி அதெல்லாம் மாட்டுவதில்லை, அவர் காய்கள் இஷ்டத்துக்கு வளைந்திருக்கும்.

என் பட்டர்நட் பிஞ்சுகளைப் பார்த்ததும் ஹல்மொனி வேலியைத் தாண்டிக் கையை நீட்டி, கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார், பெரியம்மா. அதே இடத்தில், காம்புக்குக் கீழே.

ஏஹோபக்கை வைத்துக் கொரியர்கள் செய்வது இது. வட்ட வட்டமாக நறுக்கி, உப்புத் தூவிக் கொஞ்ச நேரம் வைத்து, மாவில் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் வேகவைப்பார்கள். நீங்கள் முட்டை தொட மாட்டீர்கள், அதனால் அடுத்ததைச் சொல்கிறேன், அது இன்னும் மோசம். உப்பில் ஊறவைத்த சின்ன இறாலைக் கொஞ்சம் போட்டு வதக்குவார்கள். காய் விடும் தண்ணீரில் இறாலின் உப்பு இறங்கி, எள்ளெண்ணெய் வாசனையோடு வரும். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் நம் கடலோரப் பக்கத்துச் சுரைக்காய் இறால் ஞாபகம் வருகிறது. சோயா விழுதில் கொதிக்கும் குழம்பிலும் போடுகிறார்கள், கையால் வெட்டிய நூடுல்ஸ் கஞ்சியிலும் போடுகிறார்கள். நீங்கள் இனிப்பும் பாலும் சேர்த்த இடத்தில் அவர்கள் உப்பும் கடல் வாசனையும் சேர்க்கிறார்கள். ஒரு பால் கூட்டுப் பாத்திரத்தை ஹல்மொனிக்குக் கொடுத்தேன். பாத்திரத்தைக் கழுவி, அதில் ஏஹோபக் அடையை நிரப்பித் திருப்பிக் கொடுத்தார். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்பது அங்கேயும் உண்டு போலிருக்கிறது.

தேடிப் பார்த்தால் இப்படி ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். இத்தாலியில் லிகூரியா கடற்கரையில், அல்பெங்கா பக்கம், துத்தாரி போல நீண்டு வளையும் ஒரு மோஸ்கேட்டாவை இளம்பச்சையிலேயே பறிக்கிறார்கள், பழுக்கவிட்டால் அது பட்டர்நட் நிறத்துக்கு வந்துவிடும். கோஸ்டா ரிக்காவில் இளம் பரங்கியைப் பொடியாக அரிந்து, சோளமோ கறியோ சேர்த்துப் பொரியல் மாதிரி ஒன்று செய்கிறார்கள், அங்கே அது அன்றாடச் சமையல். அவர்களுக்குத்தான் மூத்த உரிமை. பரங்கி அமெரிக்கக் கண்டத்துச் செடி. மெக்சிகோவில் ஓஹாக்கா மாநிலத்தின் ஒரு குகையில் கிடைத்த பெப்போ இன விதைகளுக்கு ஏறக்குறைய 10,000 வயது. நம் பக்கத்துக்குப் போர்ச்சுகீசியர் காலத்துக்குப் பிறகுதான் வந்தது. வந்த சில நூற்றாண்டுக்குள் மார்கழிக் கோலத்திலும் திருவாதிரைக் குழம்பிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அது உங்கள் கொல்லைக்கு வந்ததைப் போல நானும் கடல் தாண்டி அதன் சொந்த ஊர்ப் பக்கம் வந்திருக்கிறேன் என்று எழுதலாம்தான். "போதும்டா" என்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

நீங்கள் செய்த ஒரு காரியத்தை மட்டும் இங்கே எல்லாருக்கும் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். எந்தக் காயை நறுக்கினாலும் முதல் சீவலை நாக்கில் வைத்துப் பார்ப்பீர்கள். சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரி, பரங்கி எதுவானாலும். கசந்தால் முழுக் காயும் குப்பைக்கு. ஒரு துண்டுகூட மாட்டுக்குப் போகக்கூடாது. அன்றைக்கு அது வெறும் பழக்கம் என்று நினைத்தேன். இந்தக் குடும்பத்துக் காய்களில் குகுர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் உண்டு. காட்டு ரகங்களில் நிறைய இருக்கும், வீட்டு ரகங்களில் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி அதை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டார்கள். ஆனால் அலங்காரத்துக்கு வளர்க்கும் கசப்புப் பரங்கியின் மகரந்தம் பட்டு விளைந்த விதையைச் சேமித்து அடுத்த வருஷம் போட்டால் கசப்பு திரும்பி வரலாம். வேகவைத்தாலும் அது போகாது. 2015-இல் ஜெர்மனியில் வீட்டில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சாப்பிட்ட 79 வயது முதியவர் ஒருவர் இறந்துபோனார். இந்தியாவில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குழு போட்டு, கசந்தால் குடிக்காதே என்று அறிவித்தது. கடை விதையில் விளைந்த பட்டர்நட் கசப்பது அபூர்வம். இருந்தாலும் முதல் சீவல் நாக்குக்குத்தான் போகிறது, என் பெண்ணும் அப்படியே செய்கிறாள்.

இனி, உரக்குழிக்காரர்களே, பெரியம்மாவின் முறையை என் தோட்டத்துக்கு ஏற்ப நான் வளைத்துக்கொண்டது இப்படி. பனி எச்சரிக்கை வந்த அன்று மத்தியானமே எல்லாக் காயையும் பறித்துவிடுவேன். பனி பட்ட காய் சீக்கிரம் அழுகும். காம்பைக் கொஞ்சம் விட்டு நறுக்குவேன். சந்தன நிறம் வந்து, காம்புப் பக்கம் மட்டும் பச்சைக் கோடு ஓடும் காய்களைத் தனியே எடுத்துச் சமையலறையில் சூடான இடத்தில் 2 வாரம் வைத்தால் கோடு மறைந்து ஓரளவு இனிப்பு வரும். கொடியில் பழுத்ததற்கு ஈடில்லை, சாம்பாருக்குப் போதும். மற்றதெல்லாம் கொட்டை. ஃபிரிட்ஜில் ஓரிரு வாரம்தான் தாங்கும், அதனால் சமையல் உடனே தொடங்கவேண்டும்.

உள்ளங்கையில் அடங்கும் பிஞ்சுகளை அப்படியே பொடியாக நறுக்கித் தேங்காய் போட்டுப் பொரியல். நடுத்தரம் பால் கூட்டுக்கும் மோர்க்குழம்புக்கும். ரொம்பப் பெரியதாகி, தோல் முரண்டு பிடித்து, உள்ளே வெளிறிக் கிடக்கும் காய்தான் சங்கடம். அதைத் துருவி, உப்புப் பிசிறிப் பிழிந்து அடை மாவில் கலந்துவிடுகிறேன். பிழிந்த தண்ணீர் ரசத்துக்கு. துருவிப் பிழிந்ததைப் பொட்டலம் கட்டி ஃபிரீஸரில் வைத்தால் ஜனவரியில், வெளியே பனி கொட்டும்போது, அடைக்கு ஆகும். சீவின தோலை எண்ணெயில் வதக்கி, மிளகாய் வற்றல், உளுத்தம்பருப்பு, புளி, பெருங்காயம் வைத்து அரைத்தால் துவையல். பழுத்த பட்டர்நட் தோலில் இது வராது, சக்கை சக்கையாக நிற்கும். காயின் வயது குறையக் குறையத் தோலின் மதிப்பு கூடுகிறது.

ஒரு தடவை பால் இல்லாமல் தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்தேன். காராமணியும் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அது கூட்டு இல்லை, மலையாளத்து ஓலன் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை, எனக்கே தெரியும்.

விதை அனுப்பட்டுமா என்று போன தடவை கேட்டீர்கள். அனுப்பாதீர்கள். இங்கே விதை வருவதற்குப் பயிர்ச் சுகாதாரச் சான்றிதழ், அனுமதி என்று ஏகப்பட்ட சட்டம். கவரில் வைத்து அனுப்பினால் நடுவிலேயே எடுத்துவிடுவார்கள். உங்கள் கூரைப் பரங்கியின் விதையை அங்கேயே சாம்பலில் புரட்டிக் காயவைத்து வையுங்கள். ஆடியில் நான் வந்தால் நானே ஊன்றுகிறேன்.

கடைசியாக ஒரு வழக்கு, உங்கள் தீர்ப்புக்கு. அம்மா பால் கூட்டுக்குச் சர்க்கரைக் கட்சி. வெல்லத்தில் உள்ள புளிப்பும் உப்புச்சத்தும் கொதிக்கிற பாலைத் திரித்துவிடும், இங்கே கிடைக்கும் வெல்லத்தை நம்பவே முடியாது என்கிறாள். நீங்கள் வெல்லக் கட்சி, உங்கள் கூட்டில் பால் திரிந்து நான் பார்த்ததில்லை. அடுப்பை அணைத்து ஆறவிட்டு வெல்லம் போடுகிறீர்களா, இல்லை அரிசி மாவு கெட்டியான பிறகு போடுவதால் பால் தாங்கிக்கொள்கிறதா? பொங்கலுக்குள் பதில் வேண்டும். அம்மாவுக்குத் தெரியாமல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகன்